கர்ப்பப் பரிசோதனையின் வரலாறு: எலி முதல் இரட்டைக் கோடு வரை

கரு கருப்பைச் சுவரில் பதிந்ததுமே அதன் வெளிப்புறச் செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. ஹியூமன் கோரியானிக் கொனடோட்ரோபின் என்ற அதன் நீண்ட பெயரை ஹெச்.சி.ஜி. என்று சுருக்கி வழங்குகிறார்கள். தாயின் இரத்தத்தில் கலக்கும் இந்த ஹார்மோன் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. தொடக்க வாரங்களில் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டிப்பாகிறது; 8 முதல் 11ஆவது வாரத்துக்குள் உச்சத்தை எட்டிப் பிறகு குறைகிறது. நாள் தள்ளிப்போன ஒரு பெண் மருந்துக்கடையில் வாங்கும் சிறிய பட்டை இந்த ஒரு பொருளைத்தான் தேடுகிறது.

அந்தப் பட்டை உருவாக 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தேவைப்பட்டது. மூன்று துறைகளின் உழைப்பு அதில் சேர்ந்திருக்கிறது. ஹார்மோன் ஆய்வு எதைத் தேட வேண்டும் என்பதைக் கண்டறிந்தது. பலபடி எனப்படும் பாலிமர்களின் வேதியியல், அந்தத் தேடலை விலங்குக் கூண்டுகளிலிருந்து விடுவித்துக் கையடக்கமாக்கியது. குடும்ப ஆலோசனைப் பணி, விடையை முதலில் அறிய வேண்டியவர் யார், அறிந்த பிறகு அவருக்கு என்ன துணை வேண்டும் என்ற கேள்விகளை எழுப்பியது. கருவிகள் எத்தனை முறை மாறினாலும் இந்த வரலாறு செல்லும் திசை ஒன்றுதான். தன் உடலைப் பற்றிய செய்தியைப் பிறர் வாயிலிருந்து கேட்டுவந்த பெண், அதைத் தானே முதலில் அறியும் நிலைக்கு வந்து சேர்ந்தாள்.

ஹார்மோன் அறியப்படும் முன்

சிறுநீரைக் கொண்டு கர்ப்பத்தை அறியும் முயற்சி மிகப் பழையது. கி.மு. 1350ஐ ஒட்டிய, பெர்லினில் பாதுகாக்கப்படும் எகிப்திய மருத்துவப் பாப்பிரஸ் சுருள் ஒன்று அதற்கு முறை சொல்கிறது. பெண் தன் சிறுநீரை நாள்தோறும் கோதுமை மீதும் பார்லி மீதும் விட வேண்டும். தானியம் முளைத்தால் அவள் கர்ப்பிணி. எந்தத் தானியம் முளைத்தது என்பதைக் கொண்டு பிறப்பது ஆணா பெண்ணா என்று கூறலாம். 1963இல் எகிப்திய ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தபோது, கர்ப்பிணிகளின் சிறுநீர் பட்ட தானியங்கள் ஏறக்குறைய 70 சதவீத முறை முளைத்தன. கருவுறாத பெண்களின் சிறுநீரும் ஆண்களின் சிறுநீரும் முளைப்பைத் தடுத்தன. ஆணா பெண்ணா என்ற கணிப்பு மட்டும் பொய்த்தது.

இடைக்கால ஐரோப்பாவில் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை ஊற்றி நிறமும் தெளிவும் பார்த்துக் குறி சொல்வது ஒரு தொழிலாகவே நடந்தது. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வுகளுள் ஒன்றாகச் சிறுநீர்ச் சோதனை இடம்பெற்றது. நீரின் நிறம், மணம், எடை, நுரை, படிவு ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு துளி எண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. இவை நோயறியும் முறைகள். கர்ப்பத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நம்பியது மசக்கையையும், நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவச்சியின் அனுபவத்தையும்தான். வயிற்றில் குழந்தையின் அசைவு தெரிவதுதான் எங்குமே ஐயமற்ற சான்றாக இருந்தது. அதற்குள் நான்கைந்து மாதங்கள் கடந்துவிடும்.

பெர்லின், 1927–28

உடலின் ஒரு பகுதியில் சுரந்து, இரத்தத்தில் பயணம் செய்து, வேறொரு பகுதியை இயக்கும் வேதிப்பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் பயன்படுத்தினார். அடுத்த இருபது ஆண்டுகளில் பாலியல் ஹார்மோன்கள் பற்றிய ஆய்வு வேகமாக வளர்ந்தது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றிய செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள், கர்ப்பிணிகளின் சிறுநீரில் சூலகத்தைத் தூண்டும் பொருள் ஒன்று பெருமளவில் இருப்பதைக் கண்டனர். 1927–28இல் அவர்கள் அறிவித்த முறைதான் நம்பத்தக்க முதல் கர்ப்பப் பரிசோதனை.

பருவமடையாத ஐந்து பெண் சுண்டெலிக் குட்டிகளுக்கு மூன்று நாட்கள், நாளுக்கு இருமுறை, பெண்ணின் சிறுநீரை ஊசி வழியே செலுத்துவார்கள். ஐந்தாம் நாள் எலிகளைக் கொன்று சூலகங்களைத் திறந்து பார்ப்பார்கள். சூலகம் பெரிதாகி, இரத்தப் புள்ளிகளும் மஞ்சள் உடலங்களும் தென்பட்டால் பெண் கர்ப்பிணி. ஒரு பெண்ணுக்கு விடை சொல்ல ஐந்து எலிகள் உயிர்விட வேண்டியிருந்தாலும், துல்லியம் 98 சதவீதத்தை ஒட்டி இருந்ததால் உலகெங்கும் இந்த முறை பரவியது. 1929இல் எடின்பரோவில் பிரான்சிஸ் க்ரூ தலைமையில் கர்ப்பம் கண்டறியும் நிலையம் ஒன்று தொடங்கியது. பிரிட்டனின் பல பகுதிகளிலிருந்து மருத்துவர்கள் சிறுநீர்க் குப்பிகளை அஞ்சலில் அனுப்பி விடை பெற்றனர்.

யூதர்களான இரு மருத்துவர்களையும் ஹிட்லரின் ஆட்சி ஜெர்மனியில் வாழவிடவில்லை. சோண்டெக் ஸ்வீடன் வழியாக ஜெருசலேம் சென்று அங்கே ஆய்வைத் தொடர்ந்தார். ஆஷ்ஹைம் பாரிசுக்குப் போனார். அந்த ஹார்மோன் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவதாக இருவரும் கருதியிருந்தனர். அது நஞ்சுக்கொடியில் உருவாகிறது என்பதை 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜியானா சீகர் காட்டினார்.

முயலும் தவளையும்

1931இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் ஃப்ரீட்மன், மாக்ஸ்வெல் லாப்பம் இருவரும் எலிக்குப் பதிலாக முயலைப் பயன்படுத்தினர். முயலின் காதுச் சிரையில் சிறுநீரைச் செலுத்தினால் இரண்டே நாளில் விடை தெரிந்தது. ஆனாலும் சூலகத்தைப் பார்க்க வழக்கமாக முயலைக் கொல்ல வேண்டியிருந்தது. முயல் செத்தால் கர்ப்பம் என்று அமெரிக்க மக்களிடையே பரவிய பேச்சு தவறானது. விடை எதுவாயினும் முயல் செத்தது.

விலங்கைக் கொல்லாமல் விடை பெறும் வழி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1927 முதல் 1930 வரை கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆங்கிலேய உயிரியலாளர் லான்சலாட் ஹாக்பென், அங்கே குளங்களில் வாழும் ஸீனோபஸ் லீவிஸ் என்ற நகத் தவளையை ஆராய்ந்தார். பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்தினால் பெண் தவளை முட்டையிடுவதைக் கண்டார். கேப் டவுனைச் சேர்ந்த ஹில்லெல் ஷப்பிரோ, ஹாரி ஸ்வாரன்ஸ்டைன் இருவரும் 1933இல் இதைக் கர்ப்பச் சோதனையாக வளர்த்தனர்.

ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனை நடந்த விதம் எளிமையானது. பதப்படுத்திய சிறுநீரைத் தவளையின் முதுகுத் தோலுக்கு அடியிலுள்ள நிணநீர்ப் பையில் செலுத்துவார்கள். பிறகு தவளையைத் தண்ணீருள்ள கண்ணாடிச் சாடியில் விடுவார்கள். தவளை தன் முட்டைகளையே தின்றுவிடாதபடி, சாடியின் அடியிலிருந்து சற்று உயரத்தில் துளையிட்ட தட்டு ஒன்று இருக்கும். பெண் கர்ப்பிணியாயின், மறுநாள் காலைக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கருமையான முட்டைகள் தட்டின் துளைகள் வழியாக விழுந்து சாடியின் அடியில் கிடக்கும். நுண்ணோக்கி தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரியும். சில வாரங்கள் ஓய்வு கொடுத்தபின் அதே தவளையை மீண்டும் பயன்படுத்தலாம். 1947இல் அர்ஜென்டினாவின் கார்லோஸ் கல்லி மைனினி ஆண் தேரையைக் கொண்டு இன்னும் விரைவான முறையைக் கண்டார். ஹெச்.சி.ஜி. பட்ட ஆண் தேரையின் சிறுநீரில் சில மணி நேரத்துக்குள்ளேயே விந்தணுக்கள் தென்படும்.

நகத் தவளைகள் 1930களிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகிப் பல கண்டங்களின் ஆய்வுக்கூடங்களைச் சென்றடைந்தன. தப்பியவையும் விடப்பட்டவையும் வேற்று நாட்டு நீர்நிலைகளில் குடியேறின. 1990களின் இறுதியில் தவளையினங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை அடையாளம் காணப்பட்டபின், 2004இல் சில ஆய்வாளர்கள் இந்தத் தவளை வணிகமே அதைப் பரப்பியிருக்கலாம் என்றனர். 2018இல் வெளியான மரபணு ஆய்வு பூஞ்சையின் தாயகம் கிழக்கு ஆசியா என்று காட்டியது. உயிருள்ள நீர்நில வாழ்வனவற்றின் உலக வணிகம் பூஞ்சையின் பரவலுக்கு வழிவகுத்தது என்ற முடிவு மட்டும் மாறவில்லை.

விடை யாருக்கு?

எலி, முயல், தவளைச் சோதனைகளின் காலத்தில் விடை மருத்துவரிடம்தான் போனது. எடின்பரோ நிலையம் பெண்களிடமிருந்து நேரடியாகக் குப்பிகளை வாங்கவில்லை. கர்ப்பமா, கட்டியா, மாதவிடாய் நிற்கும் வயதின் மாற்றமா என்று மருத்துவர் ஐயுறும் நேரங்களுக்கே சோதனை உரியது எனக் கருதப்பட்டது. பிரிட்டனில் 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்பு குற்றம். சீக்கிரமே உறுதியானால் பெண்கள் கலைக்க முயல்வார்கள் என்ற அச்சம், அவர்களிடம் நேரே விடை சொல்லத் தயங்கியதற்கு ஒரு காரணம். குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவளும், ஆறாவது குழந்தையை எண்ணி அஞ்சியவளும் ஒரே கதவின் முன் நிற்க வேண்டியிருந்தது.

அந்தக் கதவைத் திறக்க உதவியது குடும்ப ஆலோசனை இயக்கம். மேரி ஸ்டோப்ஸ் 1921இல் லண்டனில் கருத்தடை மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். நியூயார்க்கில் ஹன்னா ஸ்டோன், ஆபிரகாம் ஸ்டோன் என்ற மருத்துவத் தம்பதி 1930களின் தொடக்கத்தில் திருமண ஆலோசனை மையம் நடத்தினர். லண்டனில் 1938இல் திருமண வழிகாட்டும் மன்றம் உருவானது. பிரிட்டனில் 1930இல் தொடங்கிய பிறப்புக் கட்டுப்பாட்டு மன்றம் 1939இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் என்று பெயர் மாறியது. அந்தச் சங்கம் 1949இல் தவளைச் சோதனைக்கான தன் சொந்த ஆய்வுக்கூடத்தை அமைத்தது. 1967இல் பிரிட்டனில் கருக்கலைப்புச் சட்டம் தளர்த்தப்பட்டது. மறு ஆண்டே பர்மிங்ஹாமில் கர்ப்ப ஆலோசனைச் சேவை தொடங்கி, சோதனையையும் ஆலோசனையையும் ஓரிடத்தில் தந்தது.

ஆலோசனை என்பதன் பொருளும் இக்காலத்தில் மாறியது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில், ஆலோசகர் கட்டளையிடுபவர் அல்லர், எதிரே இருப்பவர் தானே தெளிவு பெறத் துணை நிற்பவர் என்ற கருத்தை முன்வைத்தார். 1947இல் மரபியலாளர் ஷெல்டன் ரீட் பரம்பரை நோய்களைப் பற்றிக் குடும்பங்களுடன் பேசும் பணிக்கு மரபியல் ஆலோசனை என்று பெயரிட்டார். தகவல் சொல்வது ஒரு வேலை, முடிவெடுக்க உதவுவது மற்றொரு வேலை, முடிவு குடும்பத்துக்கே உரியது என்ற பிரிவினை இந்த இரு போக்குகளாலும் வலுப்பெற்றது.

இந்தியாவில் 1949இல் பம்பாயில் தன்வந்தி ராம ராவ் தலைமையில் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். அரசின் குடும்ப நலத் திட்டம் 1952இல் தொடங்கியது. அதே ஆண்டு பம்பாயில் கூடிய அனைத்துலக மாநாட்டில் இத்தகைய சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு பிறந்தது. 1951இல் உலக சுகாதார நிறுவனம் ஆபிரகாம் ஸ்டோனை இந்தியாவுக்கு அனுப்பியிருந்தது. டெல்லியின் லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் நடந்த திட்டத்தில், மாதச் சுழற்சியின் பாதுகாப்பான நாட்களை எண்ணத் தெரியாத பெண்களுக்காக இரு நிற மணிகள் கோத்த மாலை தரப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணியின் நிறம் அன்றைய நிலையைச் சொல்லும். சுழற்சி எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வீட்டுச் சூழலில் நாள்தோறும் மணியை நகர்த்துவதும் எளிதாக இல்லை. திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நல்லெண்ணத்தோடு கருவி கொடுத்தால் மட்டும் போதாது, பயன்படுத்துபவரின் வாழ்க்கைக்கு அது பொருந்த வேண்டும் என்ற பாடத்தை அந்த மணிமாலை விட்டுச் சென்றது.

தீங்கு விளைவித்த ஒரு குறுக்குவழி

தவளைகளை வளர்க்கும் தொல்லை இல்லாமல் விடை பெற 1950களில் மாத்திரை வடிவில் ஒரு சோதனை சந்தைக்கு வந்தது. பிரிட்டனில் பிரிமோடோஸ், ஜெர்மனியில் டுவோகைனான் என்ற பெயர்களில் விற்ற இந்த மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் இருந்தன. இரண்டு மாத்திரைகளை விழுங்கிய பிறகு சில நாட்களில் இரத்தப்போக்கு வந்தால் கர்ப்பம் இல்லை, வராவிட்டால் கர்ப்பம். முந்தைய சோதனைகள் பெண்ணின் உடலிலிருந்து வெளியேறியதை ஆராய்ந்தன. இதுவோ கர்ப்பிணியாக இருக்கக்கூடிய ஒருத்தியின் உடலுக்குள் ஹார்மோனைச் செலுத்தியது.

1967இல் குழந்தை மருத்துவர் இசபெல் கால், இம்மாத்திரைகளுக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தார். ஆயினும் 1978 வரை பிரிட்டனில் அவை விற்கப்பட்டன. இந்தியாவில் ஈ.பி. ஃபோர்ட் என்று அறியப்பட்ட இத்தகைய உயர் அளவு ஹார்மோன் கலவைகளுக்கு எதிராக மகளிர் அமைப்புகளும் மருத்துவர்களும் போராடினர். 1982இல் அரசு தடையை அறிவித்தது. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றதால் 1988இல்தான் தடை உறுதியானது. 2017இல் பிரிட்டன் அரசின் நிபுணர் குழு, காரண காரியத் தொடர்புக்குச் சான்று போதாது என்றது. 2020இல் வெளியான மற்றொரு விசாரணை அறிக்கை, 1967லேயே அவற்றை நிறுத்தியிருக்க வேண்டும் என்று கூறியது. பாதுகாப்பான வேறு சோதனைகள் கைவசம் இருந்தபோதே இது தொடர்ந்ததுதான் இந்த அத்தியாயத்தின் வேதனை.

எதிர்ப்பொருளும் பாலிமர் நுண்மணிகளும்

1960இல் ஸ்வீடனின் லைஃப் வீடே, கார்ல் யெம்செல் இருவரும் ஒவ்வொரு முறையும் ஒரு விலங்கு தேவைப்படாத சோதனையை வெளியிட்டனர். ஹெச்.சி.ஜி.யை ஒரு விலங்கின் உடலில் செலுத்தினால், அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் அதன் இரத்தத்தில் உருவாகும். அந்த எதிர்ப்பொருளையும், ஹெச்.சி.ஜி. பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களையும் சிறுநீருடன் ஒரு கண்ணாடிக் குழாயில் சேர்த்தனர். சிறுநீரில் ஹார்மோன் இருந்தால் எதிர்ப்பொருள் அதனுடனேயே பிணைந்துவிடும். சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் குழாயின் அடியில் தெளிவான வளையமாகப் படியும். இரண்டு மணி நேரத்தில் விடை கிடைத்தது. ஆனால் சிவப்பணுக்கள் நீண்ட நாள் கெடாமல் இருப்பதில்லை. ஓர் ஆட்டின் அணுவுக்கும் இன்னொன்றின் அணுவுக்கும் வேறுபாடு உண்டு. அவற்றின் இடத்தை நிரப்பியது பாலிமர் வேதியியல்.

ரப்பர், செல்லுலோஸ், புரதம் போன்றவை சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாக இணைந்த பெருமூலக்கூறுகள் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோது சக அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை. 1953இல் அந்தக் கருத்துக்கே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் வசமானதால், அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆய்வில் பெரும் முதலீடு செய்தது. எண்ணெய் போன்ற மூலப்பொருளை சோப்பு கலந்த நீரில் நுண்துளிகளாக்கிப் பாலிமராக்கும் பால்ம முறை அப்போது நன்கு வளர்ந்தது.

1947இல் அமெரிக்காவின் டௌ நிறுவனம் தயாரித்த பாலிஸ்டைரீன் லேடெக்ஸ் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தனர். பால் போன்ற அந்த நீர்மத்தில் மிதந்த மணிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அளவில், சுமார் 0.26 மைக்ரான் விட்டத்துடன் இருந்தன. பால்ம முறையில் மணிகள் எல்லாம் தொடக்கத்திலேயே குறுகிய நேரத்துக்குள் பிறந்து, பிறகு ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால் அளவு ஒத்திருக்கிறது. சங்கிலி முனைகளிலுள்ள சல்பேட் தொகுதிகளின் எதிர்மின்னூட்டம் மணிகளை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளுவதால் பால் திரிவதில்லை. நீரை வெறுக்கும் பாலிஸ்டைரீன் பரப்பில் புரதங்கள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. மருத்துவச் சோதனைக்கு வேண்டிய மூன்று பண்புகளும் ஒரே பொருளில் அமைந்திருந்தன.

1956இல் நியூயார்க்கின் ஜாக் சிங்கர், சார்லஸ் பிளாட்ஸ் இருவரும் இந்த மணிகளை மூட்டுவாதச் சோதனைக்குப் பயன்படுத்தினர். 1960களின் தொடக்கத்தில் கர்ப்பச் சோதனைக்கும் அவை வந்தன. கறுப்புக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி சிறுநீர், ஒரு துளி எதிர்ப்பொருள், பிறகு ஹெச்.சி.ஜி. பூசிய லேடெக்ஸ் ஒரு துளி. தகட்டைக் கையில் பிடித்து இரண்டு நிமிடம் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். பால் போலவே வெண்மையாக நின்றால் கர்ப்பம். வெண்துகள்களாகத் திரண்டால் இல்லை. கிராவின்டெக்ஸ் என்ற பெயரில் விற்ற இத்தகைய சோதனை இந்தியாவின் பரிசோதனைக் கூடங்களிலும் பல ஆண்டுகள் புழங்கியது. நுண்ணுணர்வு குறைவாக இருந்ததால் நாள் தள்ளி ஓரிரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் தவளைத் தொட்டிகளின் காலம் அதோடு முடிந்தது.

ஒரே அளவுள்ள பெரிய மணிகளைச் செய்வது வேதியியலாளர்களுக்கு நீண்ட காலம் சவாலாக இருந்தது. வளரும் மணிகள் எடையால் படிந்தோ மிதந்தோ கெட்டன. கலக்கினால் ஒன்றோடொன்று ஒட்டின. டௌ நிறுவனத்தில் இம்மணிகளை ஆராய்ந்து பின்பு லீஹை பல்கலைக்கழகம் சென்ற ஜான் வாண்டர்ஹாஃப், நாசாவுடன் சேர்ந்து 1982 முதல் விண்வெளி ஓடத்தில், எடையற்ற நிலையில், அவற்றை வளர்த்தார். 1985இல் அந்த 10 மைக்ரான் மணிகள் அமெரிக்க அரசின் அளவைத் தர நிறுவனம் வழியாக விற்பனைக்கு வந்தன. விண்வெளியில் செய்து விற்கப்பட்ட முதல் பொருள் அதுவே. நார்வேயின் யோன் உகல்ஸ்டாட் 1970களின் இறுதியிலேயே வேறொரு முறையால் பூமியிலேயே பெரிய ஒருசீர் மணிகளைச் செய்து காட்டியிருந்தார். அவற்றில் காந்தப் பண்பு சேர்க்கப்பட்ட வகை, ஹார்மோன்களையும் செல்களையும் பிரித்தெடுக்கும் கருவியாக ஆய்வுக்கூடங்களில் நிலைபெற்றது.

உண்டா இல்லையா என்பதிலிருந்து எவ்வளவு என்பதற்கு

ஹார்மோன் இருக்கிறதா என்பதைத் தாண்டி எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதன் மதிப்பு புற்றுநோய் சிகிச்சையில் வெளிப்பட்டது. நஞ்சுக்கொடித் திசு இயல்புக்கு மாறாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தைத் தொடர்ந்து சில பெண்களுக்கு நஞ்சுக்கொடித் திசுவில் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் வருவதுண்டு. அதுவும் ஹெச்.சி.ஜி.யைச் சுரக்கும். 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் மெதோட்ரெக்சேட் மருந்தால் இதற்குச் சிகிச்சை தந்தனர். கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் சிறுநீரில் ஹார்மோன் எஞ்சியிருப்பதைக் கண்ட லீ, அது அறவே மறையும்வரை மருந்தைத் தொடர்ந்தார். அதற்காக அவர் வேலையை இழந்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் மீண்டும் நோயுறாமல் வாழ்ந்தார்கள். உடலில் பரவிய திடக்கட்டிப் புற்றுநோய் ஒன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல்முறை. அதற்கு வழிகாட்டியது ஹார்மோன் சோதனை.

நுண்ணிய அளவீட்டுக்கான கருவியை நியூயார்க்கின் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் 1950களின் இறுதியில் உருவாக்கினர். கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோனையும் எதிர்ப்பொருளையும் கொண்டு அளக்கும் அந்த முறைக்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972லேயே மறைந்துவிட்டார். இங்கும் பாலிமர் கைகொடுத்தது. 1967இல் மெல்போர்னின் கெவின் காட், ஜெஃப்ரி ட்ரெகியர் இருவரும் எதிர்ப்பொருளைப் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரிலேயே ஒட்டவைத்தனர். பிணைந்தது சுவரில் நிற்கும். பிணையாததைக் கழுவிக் கொட்டிவிடலாம். எலிசா எனப்படும் சோதனையும், இன்றைய தானியங்கி இயந்திரங்களும் இந்த எளிய கழுவலின் மேல்தான் நிற்கின்றன.

ஒரு தடை எஞ்சியிருந்தது. ஹெச்.சி.ஜி. ஆல்ஃபா, பீட்டா என்ற இரு சங்கிலிகளால் ஆனது. 92 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலி, பிட்யூட்டரியின் எல்.ஹெச். ஹார்மோனிலும் அப்படியே இருக்கிறது. எதிர்ப்பொருள் இரண்டையும் குழப்பிக்கொண்டதால் சோதனையின் நுண்ணுணர்வைக் கூட்ட முடியவில்லை. 1972இல் ஜூடித் வைடுகைடிஸ், க்ளென் பிரான்ஸ்டைன், கிரிஃப் ராஸ் ஆகியோர், 145 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியை மட்டும் இனங்காணும் சோதனையை வெளியிட்டனர். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டபின், நாள் தள்ளிப்போன அன்றே விடை சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு வந்த சோதனை

1967இல் நியூஜெர்சியிலுள்ள ஆர்கனான் மருந்து நிறுவனத்தில் மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர் அழகுசாதனப் பொருள்களுக்கு உறை வடிவமைத்துக்கொண்டிருந்தார். அங்கே வரிசையாகத் தொங்கிய சோதனைக் குழாய்களையும், அவற்றின் கீழிருந்த கண்ணாடியில் தெரிந்த வளையங்களையும் பார்த்து, அது என்ன என்று கேட்டார். கர்ப்பச் சோதனை என்றார்கள். இவ்வளவு எளிதாயின் ஒரு பெண் தானே செய்துகொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேசையில் காகித ஊக்குகள் போட்டிருந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, உள்ளே ஒரு குழாய், ஒரு சொட்டுக்குழல், அடியில் ஒரு சிறு கண்ணாடி என்று மாதிரி செய்தார். மருத்துவர்களின் வருமானம் போகும் என்று நிறுவனத்தில் எதிர்ப்பு எழுந்தது. 1971இல் அவர் பெயரில் காப்புரிமை கிடைத்தாலும், உரிமையை அவர் ஒரு டாலருக்கு எழுதித் தந்திருந்தார். பிரிடிக்டர் என்ற பெயரில் அது அதே ஆண்டு கனடாவில் விற்பனைக்கு வந்தது. கிரேன் செய்த மாதிரி இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டுச் சோதனைக்கு 1976இல் அனுமதி கிடைத்தது. அப்போது வந்த ஈ.பி.டி. என்ற சோதனைப் பெட்டியில் ஒன்பது படிகள். இரண்டு மணி நேரம் குழாயை அசைக்காமல் வைக்க வேண்டும். கர்ப்பம் என்று காட்டினால் 97 சதவீதமும், இல்லை என்று காட்டினால் 80 சதவீதமும் நம்பலாம். 1985இல் பிரிட்டனில் யூனிலீவர் குழுமத்தின் யூனிபாத் நிறுவனம் கிளியர்ப்ளூவைக் கொண்டுவந்தது. 1988இல் அதே நிறுவனம் ஒரே படியில் முடியும் பட்டையை வெளியிட்டது.

இந்தப் பட்டை பெரும்பாலும் பாலிமர்களால் ஆனது. ஒரு முனையிலுள்ள நார்த்திண்டில் சிறுநீர் ஊறி, நிறமூட்டிய துகள்கள் உலர்ந்திருக்கும் பகுதிக்கு வருகிறது. முதல் பட்டைகளில் அத்துகள்கள் நீல லேடெக்ஸ் மணிகள். இன்று இந்தியாவில் விற்கும் பலவற்றில் செந்நிறம் தரும் நுண்தங்கத் துகள்கள். துகள்மேல் உள்ள எதிர்ப்பொருள் ஹெச்.சி.ஜி.யைப் பற்றிக்கொண்டு முன்னே நகர்கிறது. அடுத்து வருவது நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு. பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் தோய்த்து 1846இல் வேதியியலாளர் ஷேன்பைன் வெடிபஞ்சாக அறிவித்த பொருளின் உறவே அது. நுண்துளைகள் வழியே நீர்மத்தைத் தானே இழுக்கும். புரதத்தை இறுகப் பற்றும். சவ்வில் குறுக்காகப் பூசிய இரண்டாவது எதிர்ப்பொருள், ஹார்மோனைச் சுமந்துவரும் துகள்களைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே கோடு தோன்றுகிறது. எஞ்சிய துகள்கள் அதற்கு அப்பாலுள்ள கட்டுப்பாட்டுக் கோட்டில் நின்று, சோதனை ஒழுங்காக நடந்ததைக் காட்டுகின்றன. ஒரு மில்லி லிட்டரில் 25 மில்லி அலகு ஹெச்.சி.ஜி. இருந்தாலே வழக்கமான பட்டைகள் அதைக் காட்டிவிடும்.

கோட்டுக்குப் பிறகு

இந்தியாவில் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் நிஷ்சய் என்ற பெயரில் கர்ப்பச் சோதனைப் பட்டைகள் ஊரக சுகாதாரப் பணியாளர்கள் வழியாக இலவசமாகத் தரப்படுகின்றன. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறார். 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 12 வாரங்களுக்குள் பதிவு செய்வதை வலியுறுத்துகிறது. சீக்கிரம் உறுதியானால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும், இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைகளும் உரிய நேரத்தில் தொடங்கும். கர்ப்பத்தைத் தொடர விரும்பாதவருக்கும், 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அனுமதிக்கும் கால வரம்புக்குள் முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

பட்டைக்கு எல்லைகளும் உண்டு. கரு கருப்பையில் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கிவிட்டதா என்று அது சொல்லாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் ஹார்மோன் மிக அதிகமாகச் சுரந்து, எதிர்ப்பொருள்களைத் திணறடித்து, கோடே தோன்றாமல் போவதும் உண்டு. மிகச் சீக்கிரம் சோதித்தால், முன்பெல்லாம் தாமதமான மாதவிடாயாகக் கழிந்துபோயிருக்கும் தொடக்கநிலைக் கருச்சிதைவுகளும் தெரியவருகின்றன. குழந்தைக்காகச் சிகிச்சை பெறும் தம்பதியரை இது பெரிதும் வருத்துகிறது. கருத்தரிப்பு மையங்களில் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவது இதனால்தான் அவசியமாகிறது.

எலிச் சோதனையின் காலத்தில் மருத்துவர் முதலில் அறிந்தார். பெண் பிறகு கேட்டறிந்தாள். இன்று பெண் முதலில் அறிகிறாள். யாரிடம், எப்போது சொல்வது என்பதையும் அவளே தீர்மானிக்க முடிகிறது. அந்த முதல் அறிதலைத் தந்தவை ஹார்மோன் ஆய்வும் பாலிமர் வேதியியலும். மருத்துவர் முன்னால் இல்லாத அந்தத் தருணத்தில் எழும் கேள்விகளுக்குப் பட்டையில் விடை இல்லை. அதனால் பட்டையைத் தருபவரே பேசவும் கேட்கவும் பயிற்சி பெற்றவராக இருப்பது, சோதனையின் துல்லியத்துக்கு இணையான தேவையாகிவிட்டது.